மிஸோரம் கொடுத்த அடைக்கலமும் தில்லி கொடுக்காத சட்டமும்

புது தில்லி: "அகதி" என்ற சொல்லுக்கு, நாட்டில் நடைமுறையில் உள்ள வெளிநாட்டவர் சட்டத்தில் விளக்கம் இல்லை. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும், அதன் தொடர்ச்சியான 1967-ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும், திபெத்தியர் முதல் இலங்கைத் தமிழர் வரை, ஆப்கானியர் முதல் மியான்மரின் சின் இன மக்கள் வரை, உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள் லட்சக்கணக்கில் இந்த மண்ணில் தங்கியிருக்கிறார்கள். சட்டம் இல்லாத இடத்தில் அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்ததும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்ததும், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தினரே.

இந்த உண்மைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு மிஸோரம். 2021-இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு எல்லை தாண்டி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை இந்தச் சின்னஞ்சிறு மாநிலத்தின் கிராமங்கள் ஏற்றுக்கொண்டன. மத்திய அரசு வேண்டாம் என்றது; மாநில அரசும் மக்களும் முடியாது என்றனர். அடைக்கலம் கொடுப்பது யார் பொறுப்பு, அந்த அடைக்கலம் எத்தனை நாள் நிலைக்கும் என்ற கேள்விகளை மிஸோரமின் அனுபவம் தில்லியின் முன் வைத்திருக்கிறது.

தியாவ் ஆற்றைக் கடந்தவர்கள்

இந்தியாவுக்கும் மியான்மருக்கும் இடையிலான எல்லையின் நீளம் 1,643 கி.மீ. அதில் 510 கி.மீ. மிஸோரம் மாநிலத்தைச் சேர்ந்தது. அதன் ஒரு பகுதியில் எல்லையாக ஓடுவது தியாவ் ஆறு. சாம்பாய் மாவட்டத்தின் ஸோகாவ்தார் கிராமத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறது. அக்கரையில் உள்ள சின் மாநிலத்து மக்களும் இக்கரையில் உள்ள மிஸோ மக்களும் ஒரே இனக்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். இருவருடைய மொழிகளும் நெருங்கிய உறவு கொண்டவை. இருவரிலும் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். ஆங்கிலேயர் வகுத்த எல்லைக்கோடு குடும்பங்களைப் பிரித்ததே தவிர, கொள்வினை கொடுப்பினையை நிறுத்தவில்லை.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மியான்மர் ராணுவம் ஆங் சான் சூகியின் அரசைக் கவிழ்த்தது. போராடிய மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடத்தும் உத்தரவுக்குப் பணிய மறுத்த காவலர்கள் முதலில் ஆற்றைக் கடந்தனர். அவர்களைத் தொடர்ந்து அரசு ஊழியர்களும் சட்டப்பேரவை உறுப்பினர்களும், பிறகு ஊர் ஊராகக் குடும்பங்களும் வந்தன. சின் மாநிலத்தில் சுமார் 10 ஆயிரம் பேர் வாழ்ந்த தாந்த்லாங் நகரம் அந்த ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஷெல் வீச்சிலும் தீயிலும் அழிந்தபோது நகரமே காலியானது. அங்கிருந்தும் பலர் மிஸோரமுக்கு வந்தனர்.

பின்னர் வந்த ஆண்டுகளில் மியான்மரிலிருந்து வந்து மிஸோரமில் தங்கியோரின் எண்ணிக்கை 30 ஆயிரத்தைச் சுற்றியே இருந்து வந்திருக்கிறது. 2022 நவம்பரில் இருந்து வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியிலிருந்து பௌம் இன மக்கள் சுமார் 2 ஆயிரம் பேர் வந்தனர். 2023 மே மாதம் மணிப்பூர் கலவரத்தில் வீடிழந்த குகி-ஸோ மக்கள் 12 ஆயிரம் பேர் வரை வந்து சேர்ந்தனர். இவர்கள் இந்தியக் குடிமக்கள். ஆனால், உணவும் உறைவிடமும் தேடி வந்ததில் வேறுபாடு இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி மிஸோரமின் மக்கள்தொகை 11 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த அளவில், மியான்மரிலிருந்து வந்தவர்கள் மட்டுமே நூற்றுக்கு மூன்று பேர் என்ற விகிதத்தை நெருங்குகிறார்கள். அதே விகிதத்தில் தமிழகத்துக்கு அகதிகள் வந்தால் அவர்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தொடும். மாநிலத்துக்குச் சொந்த வருவாய் மிகக் குறைவு. அரசின் செலவில் பெரும்பங்குக்கு மத்திய அரசின் நிதியையே நம்பியிருக்கும் மாநிலம் அது.

தில்லியின் கடிதமும் அய்ஸாலின் பதிலும்

2021 மார்ச் 10-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் மிஸோரம், மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும், எல்லையைக் காவல் காக்கும் அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் படைக்கும் கடிதம் எழுதியது. சட்டவிரோதமாக வருபவர்களைத் தடுக்க வேண்டும். வந்தவர்களை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பும் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். எந்த வெளிநாட்டவருக்கும் அகதி என்ற தகுதியை அளிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம்.

எட்டு நாள்கள் கழித்து, அன்றைய முதல்வர் ஸோரம்தங்கா பிரதமர் நரேந்திர மோடிக்குப் பதில் எழுதினார். அக்கரையில் துன்புறுவோர் மிஸோ மக்களின் உடன்பிறப்புகள் என்றும், இந்தக் கட்டளையை மிஸோரம் ஏற்க இயலாது என்றும், அவர்களுக்கு அடைக்கலமும் உணவும் அளிக்க வேண்டும் என்றும் அதில் கூறியிருந்தார். மத்தியில் ஆளும் கூட்டணியில் அவருடைய மிஸோ தேசிய முன்னணி அப்போது அங்கம் வகித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்குப் பின்னணி உண்டு. 1966-இல் மிஸோ தேசிய முன்னணி ஆயுதக் கிளர்ச்சியைத் தொடங்கியபோது அய்ஸால் நகரம் இந்திய விமானப்படையின் குண்டுவீச்சுக்கு ஆளானது. கிளர்ச்சி நீடித்த 20 ஆண்டுகளில் மிஸோ மக்களும் எல்லை தாண்டி அடைக்கலம் தேடியதுண்டு. லால்டெங்காவின் அணுக்கத் தோழராக நாடு கடந்து வாழ்ந்த ஸோரம்தங்காவும் அவர்களில் ஒருவர். 1986 உடன்பாட்டுக்குப் பிறகுதான் அவர்கள் வாழ்க்கை இயல்புக்குத் திரும்பியது.

மணிப்பூரில் நடந்தது வேறு. அங்குள்ள அரசு 2021 மார்ச் 26-ஆம் தேதி மாவட்ட நிர்வாகங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. மியான்மரிலிருந்து வருவோருக்கு உணவும் உறைவிடமும் தர அரசு முகாம்களைத் திறக்கக் கூடாது. தன்னார்வ அமைப்புகளும் முகாம்களைத் திறக்க அனுமதிக்கக் கூடாது. புகலிடம் கேட்போரைப் பணிவுடன் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது அந்த உத்தரவு. கண்டனம் எழுந்ததால் மூன்றே நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அரசு உதவ மறுப்பது ஒன்று. உதவ முன்வரும் மக்களையும் தடுப்பது மற்றொன்று. அப்படி ஓர் உத்தரவைப் பிறப்பிக்க முடிந்ததற்கும், மூன்றே நாளில் அதைக் கைவிட முடிந்ததற்கும் காரணம் ஒன்றே: அகதிகளைப் பொறுத்தவரை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வரையறுக்கும் சட்டம் இல்லை.

ஊர் கூடித் தாங்கிய சுமை

மிஸோரமில் அகதிகள் அனைவரும் முகாம்களில் அடைக்கப்படவில்லை. ஒரு பகுதியினர் தாற்காலிக முகாம்களில் தங்கினர். எஞ்சியோர் உறவினர் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் குடியேறினர். 1935-இல் தொடங்கப்பட்டு இன்று கிராமந்தோறும் கிளை கொண்டுள்ள இளம் மிஸோ சங்கம், திருச்சபைகள், ஊராட்சிகளைப் போன்ற கிராம சபைகள் ஆகியவை அரிசி, துணி, மருந்து, கூரைத் தகடு எனச் சேகரித்துக் கொடுத்தன.

மிஸோ சமூகத்துக்கு இது புதிய பழக்கம் அல்ல. பிறர் துன்பத்தைத் தன் வேலையைவிட முன்னால் வைக்க வேண்டும் என்ற நெறியை அவர்கள் 'த்லாம்ங்கைனா' என்று அழைக்கின்றனர். ஒவ்வொரு வேளையும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் திருச்சபைக்காக எடுத்து வைக்கும் வழக்கம் அங்கே 1910 முதல் இருந்து வருகிறது. தமிழகத்தின் பிடியரிசித் திட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் வலிமை புரியும். தனித்தனி வீடுகளின் சிறு பங்கு ஊர்ப் பொதுவாகும்போது பெரும் சுமையையும் தாங்க முடிகிறது.

ஒரு குடும்பம் புதிய நாட்டில் வேரூன்ற அரிசி மட்டும் போதாது. பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். 2021 ஆகஸ்ட் இறுதியில் மிஸோரம் பள்ளிக் கல்வித் துறை மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, 6 முதல் 14 வயது வரையிலான அகதிக் குழந்தைகளை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளுமாறு அது கேட்டுக்கொண்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அரசுப் பள்ளிகளில் சேர்ந்தனர். மத்திய அரசு அகதி என்று ஏற்காத ஒரு குழந்தையை, மத்திய அரசின் சட்டத்தைக் கொண்டே ஒரு மாநிலம் மாணவராக ஏற்றுக்கொண்டது.

தலைநகர் தில்லியில் இதே காரியம் எத்தனை கடினம் என்பதைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ரோஹிங்கியா குழந்தைகளை மாநகராட்சிப் பள்ளிகளில் சேர்க்கக் கோரிய மனுவை தில்லி உயர்நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்து, மத்திய அரசை அணுகுமாறு கூறியது. குழந்தைகள் பள்ளிகளை நேரடியாக அணுகலாம், சேர்க்கை மறுக்கப்பட்டால் உயர்நீதிமன்றம் செல்லலாம் என்று உச்சநீதிமன்றம் 2025 பிப்ரவரியில் கூறிய பிறகே வழி பிறந்தது. ஒரு மாநிலத்தில் சுற்றறிக்கை செய்த வேலையை, மற்றோரிடத்தில் உச்சநீதிமன்றம் வரை சென்று கேட்க வேண்டியிருந்தது.

தில்லியில் ஓர் அகதிக் குடும்பத்தின் நாள்கள்

தில்லியின் மேற்குப் பகுதியில் விகாஸ்புரி, உத்தம் நகர் வட்டாரங்களில் சின் இனக் குடும்பங்கள் நீண்ட காலமாக வாழ்கின்றன. லாஜ்பத் நகர், போகல், மாளவியா நகர் பகுதிகளில் ஆப்கானியர் பலர் வசிக்கின்றனர். இவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் அடையாள அட்டை வழங்குகிறது. ஆனால், வீட்டு உரிமையாளர் கேட்பது ஆதார். வங்கி கேட்பதும், கைப்பேசி இணைப்பு கொடுப்பவர் கேட்பதும் அதுவே. காவல் நிலையத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்குச் செல்லும்போது, ஐ.நா. அட்டையின் பொருளை விளக்க உடன் ஒருவர் தேவைப்படுகிறார்.

அந்த ஒருவர் யார் என்பதே கேள்வி. தேவாலயத்தில் அறிமுகமானவரோ, குருத்வாராவில் பழகியவரோ, முன்பே வந்து குடியேறிய உறவினரோ, தன்னார்வ அமைப்பின் ஊழியரோ கிடைத்தால் குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. கிடைக்காவிட்டால், முறைசாராத வேலை, பாதி கூலி, எந்த நேரமும் காலி செய்யச் சொல்லும் வீடு என்று ஆண்டுகள் கழிகின்றன. 2011 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் ஒரு நடைமுறையை வகுத்தது. துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்ததாகக் கூறுவோரின் கோரிக்கை நியாயமானது என்று தெரிந்தால் நீண்டகால விசா வழங்கலாம். அதைக் கொண்டு தனியார் துறையில் வேலை செய்யலாம், கல்வி கற்கலாம் என்றது அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், அது நிர்வாக நடைமுறையே தவிர, சட்டம் அளித்த உரிமை அல்ல. கொடுத்த கையே எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

உதவுவோரின் நிலையும் உறுதியானதன்று. உரிய ஆவணம் இன்றி நாட்டில் தங்குவது குற்றம். அதற்கு உடந்தையாக இருப்பதும் குற்றம். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தில் 2004-இல் சேர்க்கப்பட்ட 14-சி பிரிவு இதைத் தெளிவாகவே கூறியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் நிலைமை மாறவில்லை. ஓடி வந்த ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் திண்ணையில் இடம் கொடுப்பவர், சட்டத்தின் பார்வையில் கொடையாளி அல்லர். வழக்குத் தொடர வாய்ப்புள்ள நபர்.

மறுபக்கமும் உண்டு

மிஸோரமைப் போற்றிவிட்டு நகர்ந்துவிட முடியாது. இதே மாநிலத்தில், இதே சின் மக்களுக்கு 2003-இல் நேர்ந்தது வேறு. மியான்மரில் 1988-ஆம் ஆண்டு ஒடுக்குமுறைக்குப் பிறகு வந்து, தறி நெசவிலும் கூலி வேலையிலும் பிழைத்துக்கொண்டிருந்த சின் குடும்பங்கள் அங்கே ஏராளம். அய்ஸாலில் ஒரு சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளான வழக்கில் சின் இனத்தவர் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டதும், பழி முழுச் சமூகத்தின் மீதும் விழுந்தது. இளம் மிஸோ சங்கமே முன்னின்று வெளியேற்றும் இயக்கத்தை நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டனர். எல்லைக்கு அப்பால் திரும்பியவர்களும் உண்டு. தில்லிக்கு வந்தவர்களும் உண்டு.

1997-இல் இனக்கலவரத்தால் மிஸோரமிலிருந்து வெளியேறிய புரு இன மக்கள் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரிபுராவின் முகாம்களில் 20 ஆண்டுகளுக்கும் மேல் வாழ நேர்ந்தது. அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்த 2020 ஜனவரியில்தான் உடன்பாடு ஏற்பட்டது. அவர்கள் மிஸோரமின் சொந்தக் குடிமக்கள். ஆனால், மிஸோ இனத்தவர் அல்லர். கதவு திறந்தது உறவினருக்கு. உறவு இல்லாதவருக்கு அது அடைபட்டே இருந்தது.

தமிழகத்துக்கு இதைப் புரிந்துகொள்ள நீண்ட விளக்கம் தேவையில்லை. 1983-இல் இலங்கையிலிருந்து வந்த தமிழரைத் தமிழகம் கண்ணீரோடு வரவேற்றது. 1991 மே 21-ஆம் தேதி ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பிறகு, அதே மண்ணில் அகதிகள் அனைவரும் ஐயத்துக்குரியவர்களாயினர். முகாம்கள் மீது கட்டுப்பாடுகள் இறுகின. பிள்ளைகளின் படிப்பு தடைபட்டது. தன்னார்வ அமைப்புகள் முகாம்களுக்குள் பணியாற்ற முடியாத நிலை ஏற்பட்டது. 1992 முதல் 1995 வரை 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். குற்றம் செய்தவர்கள் சிலர். விலை கொடுத்தவர்கள் முகாம்களில் இருந்த குடும்பங்கள். பின்னர் நிலைமை படிப்படியாகச் சீரடைந்தது. 2021-இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, வீடுகள் கட்டவும் கல்விக்கும் ரூ.317 கோடியில் திட்டம் அறிவித்தது. ஆனாலும், நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரம் பேர் அளவில் வாழ்ந்துவந்த அந்த மக்களில், இந்தியாவிலேயே பிறந்த பிள்ளைகளும் குடியுரிமை இன்றியே வளர்ந்திருக்கிறார்கள்.

அய்ஸால் 2003-இலும் சென்னை 1991-இலும் காட்டியது ஒன்றைத்தான். மக்களின் நட்பு பெரிது; ஆனால், அது மக்களின் மனநிலையோடு மாறக்கூடியது. மனநிலை மாறும் நாளில் அகதியைக் காக்கச் சட்டம் ஒன்று இருந்தாக வேண்டும்.

மிஸோரமில் சோர்வின் அடையாளங்கள் இப்போதும் தென்படாமல் இல்லை. எல்லை வழியாக நடக்கும் போதைப்பொருள் கடத்தல், கடை நடத்துவது, நிலம் வாங்குவது ஆகியவற்றையொட்டி உள்ளூர் மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. 2023 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த முதல்வர் லால்டுஹோமா, அடைக்கலம் தொடரும் என்று உறுதியளித்தாலும், அகதிகள் மாநிலத்தின் சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்தி வந்திருக்கிறார். தொடக்கத்தில் மிஸோரம் தயங்கிய விரல்ரேகைப் பதிவும் 2025-இன் நடுப்பகுதியில் தொடங்கியது. எல்லையில் 16 கி.மீ. வரை இரு தரப்பினரும் விசா இன்றிச் சென்றுவர வழிசெய்த ஏற்பாட்டை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. மிஸோரம் சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த ஆண்டின் இறுதியில், 10 கி.மீ. எல்லைக்குள் அனுமதிச் சீட்டுடன் சென்றுவரும் புதிய முறை வந்தது.

கனடா காட்டிய வழி

மக்களின் நட்பையும் அரசின் சட்டத்தையும் இணைக்க முடியாதா? முடியும் என்று காட்டிய நாடு கனடா. அந்நாட்டின் 1976-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம், ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்கும் உரிமையைச் சாதாரண மக்களுக்கு வழங்கியது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாக விண்ணப்பிக்கலாம். வரும் குடும்பத்துக்கு ஓராண்டு வீட்டு வாடகை, உணவு, உடை, பள்ளிச் சேர்க்கை, மொழிப் பயிற்சி, வேலை தேடல் ஆகியவற்றை அவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். வரும் அகதி, வந்து இறங்கும் நாளிலேயே நிரந்தரக் குடியிருப்பு உரிமையைப் பெறுகிறார்.

1979, 1980 ஆகிய ஆண்டுகளில் வியத்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளைச் சேர்ந்த 60 ஆயிரம் பேரைக் கனடா ஏற்றுக்கொண்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைப் பொறுப்பேற்றவை தேவாலயக் குழுக்களும் அக்கம்பக்கத்தாரும் நண்பர் வட்டங்களுமே. 1986-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் தனது நான்சென் விருதை ஒரு தலைவருக்கோ அமைப்புக்கோ வழங்காமல், கனடா மக்களுக்கே வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை அந்நாட்டு மீனவர்கள் மீட்டனர். அவர்களுக்குத் தங்கவும் வேலை செய்யவும் அரசு அனுமதி அளித்தது. இந்தத் தனியார் பொறுப்பேற்பு முறையில் கனடாவுக்கு வந்தோர் எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

கனடாவிலும் காற்று ஒரே திசையில் வீசவில்லை. விண்ணப்பங்கள் குவிந்துவிட்டதால், ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை அந்நாட்டு அரசு 2024 நவம்பரில் நிறுத்திவைத்தது. அதே முறையைப் பின்பற்றி 2023 ஜனவரியில் அமெரிக்கா தொடங்கிய திட்டம், 2025-இல் ஆட்சி மாறியதும் முடிவுக்கு வந்தது. எனினும், ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கனடாவில் வாசல் குறுகினாலும், முன்பே வந்து நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்ற குடும்பம் உரிமையோடு தொடர்ந்து வாழ்கிறது. இந்தியாவில் அரசின் மனம் மாறினால், 20 ஆண்டுகள் வாழ்ந்த குடும்பமும் அன்று வந்த குடும்பமும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

விதிவிலக்குகளின் பட்டியல்

2025 மார்ச்சில் புதிய வெளிநாட்டவர் மசோதா மீதான விவாதத்தில், இந்தியா ஒரு தர்மசாலை அல்ல என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் கூறினார். அதே ஆண்டு மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கை விசாரித்த உச்சநீதிமன்ற அமர்வும் ஏறத்தாழ இதே கருத்தை வெளியிட்டது. பாதுகாப்பும் மக்கள்தொகைச் சுமையும் உண்மையான கவலைகள் என்பதை மறுக்க இயலாது. ஆனால், புதிய சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்ட விதிவிலக்கு உத்தரவே, இந்தியா அடைக்கலம் தரும் நாடுதான் என்பதை ஒப்புக்கொள்கிறது.

அந்த உத்தரவின்படி, பதிவு செய்துகொண்ட திபெத்தியர்களுக்கு விலக்கு உண்டு. 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கும் விலக்கு உண்டு. ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் நாடுகளிலிருந்து 2024 டிசம்பர் 31-ஆம் தேதி வரை வந்த ஹிந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகியோருக்கும் உண்டு. மியான்மரிலிருந்து வந்த சின் மக்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. விலக்கு என்பது தண்டனையிலிருந்து தப்பிக்கும் வழி மட்டுமே. குடியுரிமைக்கோ வேலைக்கோ கல்விக்கோ அது உத்தரவாதம் ஆகாது.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. மியான்மரைச் சேர்ந்த ஏழு பேர், ஐ.நா. அலுவலகத்தை அணுகப் பாதுகாப்பாக தில்லி செல்ல மணிப்பூர் உயர்நீதிமன்றம் 2021 மே 3-ஆம் தேதி அனுமதித்தது. உயிருக்கு ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் இருப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்றது அந்தத் தீர்ப்பு. அதற்கு ஒரு மாதம் முன்னதாக, ஜம்முவில் தடுத்து வைக்கப்பட்ட ரோஹிங்கியாக்களின் வழக்கில், உரிய நடைமுறையைப் பின்பற்றினால் நாடு கடத்தலாம் என்று உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. நாடாளுமன்றம் பேசாத இடத்தில், வழக்குக்கு வழக்கு விடை மாறுவதில் வியப்பில்லை.

செய்ய வேண்டியது என்ன?

அடைக்கலச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை புதிதல்ல. காங்கிரஸ் உறுப்பினர் சசி தரூர் 2015-இலும் 2022-இலும் தனிநபர் மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஆனால், அவருடைய கட்சி பத்தாண்டுகள் தொடர்ந்து ஆட்சியில் இருந்தபோதும் இப்படி ஒரு சட்டம் நிறைவேறவில்லை. எந்த அரசும், யாரை ஏற்பது, யாரை மறுப்பது என்ற விருப்புரிமையை விட்டுக்கொடுக்க முன்வருவதில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் உள்ளது.

நீண்ட சட்டம் தேவையில்லை. நான்கு அம்சங்கள் போதும். முதலாவது, புகலிடம் கேட்டு வருபவரைப் பதிவு செய்து, முடிவு தெரியும் வரை செல்லுபடியாகும் ஓர் அட்டையை அரசே வழங்க வேண்டும். பதிவு என்பது பாதுகாப்புக்கு எதிரானது அல்ல. யார் வந்திருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிவதே பாதுகாப்பின் முதல் படி. பதிவு செய்தவுடன் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் இல்லாவிட்டால், மக்கள் தாமாகவே முன்வருவார்கள்.

இரண்டாவது, பதிவு செய்துகொண்ட குடும்பத்துக்கு வீடும் உணவும் வேலையும் கொடுப்பவர் மீது, உடந்தை என்ற குற்றச்சாட்டு பாயாது என்று சட்டம் கூற வேண்டும். மூன்றாவது, பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் அந்த அட்டையை ஏற்க வேண்டும். மிஸோரம் ஒரு சுற்றறிக்கையால் செய்ததை நாடு முழுவதும் செய்ய இயலும். நான்காவது, எல்லை மாநிலங்கள் தாங்கும் செலவில் மத்திய அரசு பங்கேற்க வேண்டும். வெளிநாட்டவர் விவகாரம் மத்திய அரசின் அதிகாரம் என்றால், அதன் சுமையும் மத்திய அரசுக்கு உரியதே. அதிகாரம் தில்லிக்கு, அரிசி ஸோகாவ்தாருக்கு என்ற பிரிவினை நியாயம் அல்ல.

இவற்றோடு, இளம் மிஸோ சங்கம் போன்ற ஊர் அமைப்புகளும் குருத்வாராக்களும் தேவாலயங்களும் குடும்பங்களை முறைப்படி பொறுப்பேற்க வழி செய்தால், நாட்டில் ஏற்கெனவே இருக்கும் நல்லெண்ணம் கணக்கில் வரும். அரசின் செலவும் குறையும். உறவினர் இல்லாத அகதிக்கும் ஒரு துணை கிடைக்கும்.

மியான்மரில் சண்டை ஓயும் வரை தியாவ் ஆற்றைக் கடப்பவர்கள் கடந்துகொண்டேதான் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் நாள் சோறு போடுவதற்கு மிஸோரம் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் பிள்ளை பத்தாம் வகுப்பை முடிக்கும்போது கையில் என்ன சான்று இருக்கும், அதைக் கொண்டு என்ன வேலைக்குப் போக முடியும் என்பதை ஊர் சங்கத்தாலோ திருச்சபையாலோ தீர்மானிக்க முடியாது. அதற்கான விடை நாடாளுமன்றத்திடம்தான் இருக்கிறது.